ஒரு லட்சத்து எழுபதாயிரம் பேரின் வெளியுறவுக் கொள்கை

(திருப்பதியில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)



பணயக்கைதிகளைப் பற்றியும் வெளியுறவுக் கொள்கையைப் பற்றியும் பேசப் போகிறேன் என்றதும், அழைப்பிதழ் அச்சடித்த நண்பர் சற்றுத் தயங்கினார். "இது டெல்லியில் பேச வேண்டிய விஷயம் ஆச்சே சார்?" என்றார். டெல்லியில் நிறையவே பேசியாகிவிட்டது. சித்தூர்ப் பக்கம் யாரும் பேசவில்லை என்பதுதான் என் குறை. இந்தியாவின் வெளியுறவுக் கொள்கை மாட்டிக்கொண்ட தன் மக்களுக்காக ஒரு முறை நன்றாகவே வளைந்துகொடுத்திருக்கிறது. அப்படி மாட்டிக்கொண்டவர்களில் கணிசமானோர் இந்தச் சீமைக்காரர்கள்.

உலகம் அறிந்த கதையை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1979 நவம்பர் 4. டெஹ்ரானில் உள்ள அமெரிக்கத் தூதரகத்துக்குள் மாணவர்கள் சுவர் ஏறிக் குதித்தார்கள். நாடுவிட்டு ஓடிய மன்னர் ஷாவை அமெரிக்கா சிகிச்சைக்காகச் சேர்த்துக்கொண்டதில் அவர்களுக்குக் கோபம். 66 பேரைப் பிடித்தார்கள். இடையில் சிலரை விட்டுவிட்டு 52 பேரை 444 நாள் வைத்திருந்தார்கள். தூதரகக் கட்டடத்துக்குள் அனுமதியின்றி நுழையக்கூடாது, தூதரைக் கைது செய்யக்கூடாது என்று 1961 வியன்னா உடன்படிக்கை சொல்கிறது. சர்வதேச நீதிமன்றமும் 1980 மே மாதம் அதையே சொன்னது. யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அதற்கு முந்தைய மாதம் மீட்கப் போன அமெரிக்கப் படை பாலைவனத்தில் ஹெலிகாப்டரும் விமானமும் மோதி 8 வீரர்களை இழந்து திரும்பியது. வெளியுறவு அமைச்சர் சைரஸ் வான்ஸ் ராஜினாமா செய்தார். ஜிம்மி கார்ட்டர் தேர்தலில் தோற்றார். கடைசியில் அல்ஜீரியா நடுவில் நின்று பேசி, 1981 ஜனவரி 20 அன்று, ரொனால்ட் ரீகன் பதவியேற்ற அதே நாளில் விடுவித்தார்கள். இரு நாடுகளும் இன்றுவரை தூதரகம் திறக்கவில்லை. ஈரானில் அமெரிக்காவின் வேலைகளை சுவிட்சர்லாந்துதான் பார்த்துக்கொள்கிறது. 52 பேர் விடுதலையாகி வீட்டுக்குப் போய்விட்டார்கள், அந்த உறவு மட்டும் அங்கேயே அடைபட்டுக் கிடக்கிறது.

பணயக்கைதி என்றால் நம் மனசில் வரும் படம் இதுதான்: கண்ணைக் கட்டிய தூதரக அதிகாரி, வெளியே கோஷம் போடும் கூட்டம், தொலைக்காட்சியில் நாள் எண்ணும் செய்தி வாசிப்பவர். இந்தியாவுக்கு வந்த பெரிய சோதனை இந்தப் படத்துக்குள் அடங்காது.

இந்த ஊர்ப் பள்ளியில் படித்தவர் ஒருவர் இந்தியாவின் தூதராக இருந்தார் என்பது உங்களுக்குத் தெரியும். திருத்தணியில் பிறந்து, திருப்பதியில் லூத்தரன் மிஷன் பள்ளியில் படித்த சர்வபள்ளி ராதாகிருஷ்ணன் 1949இல் மாஸ்கோவுக்குத் தூதராகப் போனார்; ஸ்டாலினை நேரில் சந்தித்தார். அவர் போனது அரசாங்க முத்திரையோடு. அடுத்த தலைமுறையில் இதே பகுதியிலிருந்து, அன்றைய சித்தூர் மாவட்டத்து பீலேர், மதனப்பள்ளி, அடுத்த வீடான கடப்பை மாவட்டத்து ராயச்சோட்டி, ராஜம்பேட்டையிலிருந்து குவைத்துக்குப் போனவர்கள் பாஸ்போர்ட்டில் இருந்த முத்திரை வேறு. ஈ.சி.ஆர். முத்திரை: படிப்புக் குறைவு, அரசு சோதித்துத்தான் அனுப்ப வேண்டும் என்று அதற்கு அர்த்தம். டிரைவர்கள், கொத்தனார்கள், தையல்காரர்கள் போனார்கள். 'காதிம் விசா' என்று நம்மவர்கள் சொல்லும் வீட்டுவேலை விசாவில் பெண்கள் போனார்கள். வேலைக்கு வைத்த குவைத்தி, அதாவது கஃபீல், பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொள்வான். அது அங்கே எழுதாத சட்டம்.

1990 ஆகஸ்ட் 2 அதிகாலையில் ஈராக் படை குவைத்துக்குள் நுழைந்தது. அமீர் சவூதிக்குத் தப்பினார். அன்றைக்குக் குவைத்தில் இருந்த இந்தியர்கள் உத்தேசமாக 1,70,000 பேர். சில நாட்களில் குவைத் தினார் வெற்றுக் காகிதமானது. வங்கியில் போட்ட பணம் வங்கியோடு போயிற்று. கடைகள் சூறையாடப்பட்டன. எல்லை மூடியது. வெளியே போக ஈராக் அனுமதிக்க வேண்டும்.

ஈராக் அதிபர் சதாம் உசேன் வெளிநாட்டவரை இரண்டு ரகமாகப் பிரித்தார். அமெரிக்கர், பிரிட்டிஷார், ஜப்பானியர் போன்றவர்கள் 'விருந்தாளிகள்'. குண்டு விழக்கூடிய அணைக்கட்டுகள், தொழிற்சாலைகள், ராணுவ இடங்களுக்கு அவர்களில் பலரைக் கொண்டுபோய் வைத்தார்கள், மனிதக் கேடயமாக. ஆகஸ்ட் 23 அன்று ஒரு பிரிட்டிஷ் சிறுவனின் தலையைத் தடவிக்கொடுத்து சதாம் தொலைக்காட்சியில் தோன்றியதைப் பார்த்தவர்கள் இந்த அவையிலும் இருப்பீர்கள். பிறகு தலைவர்கள் வரிசையாக பாக்தாத்துக்கு வந்தார்கள்: ஆஸ்திரியாவின் வால்ட்ஹைம், ஜெர்மனியின் வில்லி பிராண்ட், பிரிட்டனின் எட்வர்ட் ஹீத், ஜப்பானின் நாகசோனே, குத்துச்சண்டை வீரர் முகமது அலிகூட. ஆளுக்குக் கொஞ்சம் பேரைக் கூட்டிக்கொண்டு போனார்கள். மிச்சம் இருந்தவர்களை டிசம்பரில்தான் சதாம் மொத்தமாக விடுவித்தார்.

இரண்டாவது ரகம் நாம். இந்தியர், பாகிஸ்தானியர், பங்களாதேஷியர், இலங்கையர், பிலிப்பினோக்கள். நம்மைக் கேடயமாக வைத்தால் அமெரிக்கா குண்டு போடத் தயங்காது என்பது சதாமுக்குத் தெரியும். அதனால் நம்மை யாரும் பிடித்து வைக்கவில்லை. சாப்பாடு இல்லை, கூலி இல்லை, பாஸ்போர்ட் இல்லை, வாசல் மட்டும் பாதி திறந்திருந்தது. இதைப் பணயக்கைதி நிலை என்று சொல்லலாமா என்று என் மாணவர்கள் சிலர் கேட்டதுண்டு. சொல்லலாம் என்பதே என் கருத்து. ஒருவனை வைத்துக்கொண்டு அவனுக்கு வேண்டியவர்களிடம் எதையாவது பெறுவதுதான் பணயம். சதாம் இந்தியாவிடமிருந்து பெற வேண்டியதைப் பெற்றார். அது பணம் இல்லை. மௌனம்.

வி.பி. சிங் பிரதமர். வெளியுறவு அமைச்சர் ஐ.கே. குஜ்ரால் ஆகஸ்டில் மாஸ்கோ, வாஷிங்டன், அம்மான் என்று சுற்றி பாக்தாத்துக்குப் போனார். ராணுவ உடையில், இடுப்பில் துப்பாக்கியோடு வந்த சதாம் அவரைக் கட்டித் தழுவினார். படம் எடுத்துவிட்டார்கள். அந்தப் படம் உலகத்துப் பத்திரிகைகளில் வந்தது. அடுத்த பல வருடங்களுக்கு குவைத் அரச குடும்பத்தார் அதை மறக்கவில்லை. அகிம்சை தேசத்தின் அமைச்சர் ஆக்கிரமிப்பாளரைத் தழுவினார் என்று நம் நாட்டிலேயே எழுதினார்கள். அந்தத் தழுவலோடு கூட வந்தது என்ன என்றும் பார்க்க வேண்டும். இந்தியர்கள் வெளியேற சதாம் ஒப்புக்கொண்டார். குஜ்ரால் குவைத்துக்கும் போய் நம் மக்களைப் பார்த்தார்.

தூதரக விஷயமும் உண்டு. குவைத் இனி ஈராக்கின் மாகாணம், ஆகவே ஆகஸ்ட் 24க்குள் எல்லா நாடுகளும் குவைத்தில் தூதரகத்தை மூட வேண்டும் என்று ஈராக் கெடு வைத்தது. அமெரிக்காவும் பிரிட்டனும் மூட மறுத்தன. அவர்கள் தூதரகங்களுக்குத் தண்ணீரும் மின்சாரமும் துண்டிக்கப்பட்டன. இந்தியா தன் தூதரகத்தை பாஸ்ராவுக்கு மாற்றிக்கொண்டது. மேற்கத்தியத் தூதர்கள் கொள்கைக்காக இருட்டில் உட்கார்ந்தார்கள். நம்மவர்கள் பயண அனுமதி வாங்கப் பக்கத்து ஊருக்கு மேசையைத் தூக்கிக்கொண்டு போனார்கள். வீரம் எது என்று கேட்டால் முதலாவதைச் சொல்வோம். பீலேர்க்காரர் ஊர் வந்து சேர வேண்டும் என்றால் இரண்டாவதுதான் வழி. மூடாமல் இருந்தால் ஆக்கிரமிப்பை ஏற்கவில்லை என்று பொருள், மாற்றினால் ஏற்றதாகிவிடுமோ என்ற சட்டக் கேள்வி டெல்லிக்கும் தெரியும். தெரிந்தேதான் மாற்றினார்கள்.

அதற்குப் பின் நடந்தது எல்லோருக்கும் ஓரளவு தெரியும், அக்ஷய் குமார் நடித்த படம் வந்த பிறகு. படம் அரசு அதிகாரிகளைக் கொஞ்சம் குறைத்துக் காட்டிவிட்டது என்று வெளியுறவுத் துறையினரே வருத்தப்பட்டார்கள். டெல்லியில் வளைகுடாப் பிரிவுக்குப் பொறுப்பாக இருந்தவர் கே.பி. ஃபேபியன். குவைத்தில் மாத்துண்ணி மேத்யூஸ் போன்ற வியாபாரிகள் ஆட்களைத் திரட்டி, பஸ் பிடித்து அனுப்பினார்கள். குவைத்திலிருந்து பாஸ்ரா, பாஸ்ராவிலிருந்து பாக்தாத், அங்கிருந்து பாலைவனச் சாலையில் ஜோர்டான் எல்லை, எல்லையில் கூடாரம், பிறகு அம்மான். அம்மானிலிருந்து ஏர் இந்தியா விமானங்கள் பம்பாய்க்கு. இரண்டு மாதத்துக்குள் 488 விமானங்களில் 1,11,000க்கும் மேற்பட்டவர்கள் வந்தார்கள். போர் தொடங்கும் முன்பே, பயணிகள் விமான நிறுவனம் ஒன்று செய்த மிகப்பெரிய வெளியேற்றம் என்று இது பதிவாகியிருக்கிறது. அதே கூடாரங்களில் வீட்டுவேலைக்குப் போன இலங்கைப் பெண்களும் கிடந்தார்கள். அவர்கள் அரசிடம் அத்தனை விமானமும் இல்லை, பணமும் இல்லை. சர்வதேசக் குடிபெயர்வு அமைப்பு ஏற்பாடு செய்து கூட்டிவரும் வரை காத்திருந்தார்கள்.

உணவும் ஒரு அரசியலாயிற்று. ஆகஸ்ட் 6 அன்று பாதுகாப்பு கவுன்சில் 661ஆம் தீர்மானத்தில் ஈராக்கோடும் குவைத்தோடும் எல்லா வணிகத்தையும் தடை செய்தது. அங்கே சிக்கிய நம் மக்களுக்கு அரிசி, பருப்பு அனுப்பலாமா? அனுப்பினால் அது ஈராக் சிப்பாய்க்குப் போகாது என்று யார் உத்தரவாதம்? இந்தியா விடாமல் கேட்டது. செப்டம்பர் 13 அன்று வந்த 666ஆம் தீர்மானம் மனிதாபிமான உணவுக்கு வழி வகுத்தது. 'விஷ்வ சித்தி' என்ற கப்பல் உணவோடு புறப்பட்டது. பெரிய வல்லரசுகளின் தடைக்குள் ஒரு கப்பல் நுழையும் அளவுக்கு ஒரு சந்து வெட்டியதை நான் இந்திய ராஜதந்திரத்தின் நல்ல வேலைகளில் ஒன்றாகவே வைப்பேன். அதைப் பற்றி யாரும் படம் எடுக்க மாட்டார்கள்.

இப்போது எண்ணிக்கைக்கு வருகிறேன். என் வாதம் முழுக்க அதில்தான் இருக்கிறது.

1984 பிப்ரவரி 3. பர்மிங்காமில் இந்தியத் துணைத் தூதரக அதிகாரி ரவீந்திர மாத்ரே, மகளின் பிறந்தநாளுக்குக் கேக் வாங்கிக்கொண்டு வீடு திரும்பும்போது கடத்தப்பட்டார். காஷ்மீர் விடுதலைப் படை என்ற பெயரில் வந்தவர்கள், திகார் சிறையில் இருந்த மக்பூல் பட்டை விடுதலை செய்ய வேண்டும், கூடவே 10 லட்சம் பவுண்ட் வேண்டும் என்றார்கள். இரண்டு நாளில் மாத்ரே கொல்லப்பட்டுக் கிடந்தார். பிப்ரவரி 11 அன்று மக்பூல் பட் தூக்கிலிடப்பட்டார். பதில் அவ்வளவு வேகம், அவ்வளவு இறுக்கம். கடத்தியவர்கள் பிரிட்டன் மண்ணில் செயல்பட்டவர்கள் என்பதால் லண்டனோடு உரசல் தொடர்ந்தது. குற்றவாளிகளை ஒப்படைக்கும் ஒப்பந்தம் 1992இல்தான் கையெழுத்தானது. 1991இல் டெல்லியிலேயே ருமேனியத் தூதரக அதிகாரி லிவியூ ராடுவைச் சீக்கியத் தீவிரவாதிகள் கடத்தினார்கள். அப்போதும் அரசு கைதிகளை மாற்றிக்கொள்ள மறுத்தது. ஏழு வாரம் கழித்து அவர்களே விட்டுவிட்டார்கள். சிக்கியவர் ஒருவர் என்றால், அதுவும் அதிகாரி என்றால், அரசு கெட்டியாக நிற்கும்.

1999 டிசம்பர் 24, ஐ.சி. 814. காத்மாண்டுவிலிருந்து டெல்லி வர வேண்டிய விமானம் கடத்தப்பட்டு, அமிர்தசரஸ், லாகூர், துபாய் என்று சுற்றி காந்தகாரில் நின்றது. பயணி ரூபின் கட்யால் கொல்லப்பட்டார். பிரதமர் வீட்டு வாசலில் உறவினர்கள் உட்கார்ந்து கதறியதைத் தொலைக்காட்சி ஓயாமல் காட்டியது. தாலிபானை நாம் அங்கீகரிக்கவில்லை. காந்தகாரில் நமக்குத் தூதரும் இல்லை. அங்கீகரிக்காதவரின் விமான நிலையத்தில் நின்று, அவருடைய அமைச்சர் முத்தவக்கீலோடு பேச வேண்டியதாயிற்று. டிசம்பர் 31 அன்று, நம் சிறைகளில் இருந்த தீவிரவாதிகள் மசூத் அசார், உமர் ஷேக், முஷ்டாக் சர்கார் மூவரையும் வெளியுறவு அமைச்சர் ஜஸ்வந்த் சிங் விமானத்தில் கொண்டுபோய் ஒப்படைத்தார். அதன் விலையை நாம் இன்றுவரை கொடுக்கிறோம். இந்தியாவின் ஆப்கானிஸ்தான் கொள்கை அதற்குப் பிறகு இருபது வருடம் தாலிபானுக்கு எதிர்த்திசையிலேயே நின்றது: வடக்குக் கூட்டணிக்கு ஆதரவு, 2001க்குப் பின் காபூல் அரசுக்குப் பாராளுமன்றக் கட்டடம், அணை, சாலை. 2021இல் தாலிபான் திரும்பியதும் தூதரகத்தை மூடினோம். 2022இல் 'தொழில்நுட்பக் குழு' என்று அடக்கமான பெயரில் திறந்தோம். 2025 அக்டோபரில் தாலிபான் வெளியுறவு அமைச்சர் முத்தாகி டெல்லிக்கே வந்தபோது அதை மீண்டும் தூதரகமாக்கினோம். காந்தகார் தார்ச்சாலையில் தொடங்கிய ஒரு கோபம் கால் நூற்றாண்டில் ஒரு சுற்றுச் சுற்றி வந்துவிட்டது.

ஒருவர் என்றால் இறுகினோம். ஒரு விமானம் நிறைய என்றால் திணறினோம். ஒரு லட்சத்து எழுபதாயிரம் என்றால் வளைந்தோம், வளைந்ததை வெட்கம் இல்லாமல் கொள்கை என்றும் சொன்னோம். மூன்றாவதை நான் குறை சொல்ல மாட்டேன். ஈராக் மீது டெல்லிக்கு ஏற்கெனவே சாய்வு இருந்தது உண்மை. காஷ்மீர் விவகாரத்தில் ஈராக் நம்மைச் சங்கடப்படுத்தியதில்லை, எண்ணெய் கொடுத்தது. ஆனால் 1990 ஆகஸ்டில் டெல்லி வாயைத் திறந்து ஆக்கிரமிப்பைக் கடுமையாகக் கண்டிக்காததற்கு அந்தச் சாய்வைவிடப் பெரிய காரணம் பாஸ்ரா சாலையில் பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தது.

மக்கள் வந்து சேர்ந்தபின் பாருங்கள், கொள்கை திசை மாறத் தொடங்குகிறது. வி.பி. சிங் போய் சந்திரசேகர் வந்தார். 1991 ஜனவரியில், வளைகுடாப் போருக்குப் போகும் அமெரிக்க ராணுவ விமானங்கள் பம்பாய், ஆக்ரா, மெட்ராஸ் விமான நிலையங்களில் எரிபொருள் நிரப்பிக்கொள்ள அவர் அனுமதித்தார். நம் பக்கத்தார் குவைத் விமானம் ஏறிய அதே மீனம்பாக்கம். விஷயம் வெளியே வந்ததும் காங்கிரஸ் எதிர்த்தது. பிப்ரவரியில் அது நின்றது. அந்த ஆண்டு பாதுகாப்பு கவுன்சிலில் இந்தியா உறுப்பினர். மார்ச் 2 அன்று போர் நிறுத்த நிபந்தனைகளைச் சொன்ன 686ஆம் தீர்மானத்தில் நடுநிலை. ஏப்ரல் 3 அன்று ஈராக்கைக் கையைக் காலைக் கட்டிப்போட்ட 687ஆம் தீர்மானத்தில் ஆதரவு. ஒரே மாதத்தில் இந்த நகர்வு. பணயத்தில் யாரும் இல்லாத அரசு எவ்வளவு சுலபமாகக் கை தூக்குகிறது!

பொருளாதாரத்தில் விழுந்த அடி வேறு. ஆகஸ்டுக்கு முன் பீப்பாய் 17 டாலர் பக்கம் இருந்த கச்சா எண்ணெய் அக்டோபரில் 40ஐத் தாண்டியது. குவைத்திலிருந்து வந்துகொண்டிருந்த பணம் நின்றது. எண்பதுகளில் வாங்கிய கடனால் ஏற்கெனவே மெலிந்திருந்த அந்நியச் செலாவணி, சில வார இறக்குமதிக்கே போதும் என்ற நிலைக்கு வந்தது. 1991 மே மாதம் 20 டன் தங்கத்தை வெளியே அனுப்பினார்கள். ஜூலையில் ரிசர்வ் வங்கி இன்னும் சுமார் 47 டன்னை அடகு வைத்தது. அந்த ஜூனில் பிரதமரான நரசிம்ம ராவ், நமக்கு வடமேற்கே நந்தியாலிலிருந்து மக்களவைக்குப் போனவர், பொருளாதாரத்தைத் திறந்துவிட்டார். 1992 ஜனவரியில் இஸ்ரேலோடு முழுத் தூதரக உறவு வைத்தார். எல்லாமே குவைத்தால் வந்தது என்று நான் சொல்ல வரவில்லை. சோவியத் ஒன்றியம் சரிந்ததும் பெரிய காரணம். ஆனால் அணிசேராமை என்ற பழைய கட்டடத்தில் முதல் விரிசல் எங்கே விழுந்தது என்று யாராவது கேட்டால், 1990 ஆகஸ்டைத்தான் காட்டுவேன்.

குவைத் கோபப்பட்டதே, அதன் விளைவு? இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. பாலஸ்தீன விடுதலை இயக்கம் சதாமை ஆதரித்தது என்பதால், ஈராக்கிடமிருந்து விடுபட்ட பின் குவைத் தன் நாட்டில் இருந்த மூன்று லட்சத்துக்கும் மேலான பாலஸ்தீனியரை வைத்துக்கொள்ளவில்லை. அந்த வேலைகளில் பலவற்றை இந்தியர்கள் நிரப்பினார்கள். தழுவல் படத்தை அரண்மனை மறக்கவில்லை. ஆனால் வீட்டுக்கு டிரைவரும் ஆஸ்பத்திரிக்கு நர்ஸும் வேண்டுமே. இன்று குவைத்தில் சுமார் 10 லட்சம் இந்தியர்கள், வெளிநாட்டவரில் முதலிடம். அரசியல் உறவுதான் மெதுவாக நகர்ந்தது: 1981இல் இந்திரா காந்தி போனதற்குப் பிறகு ஒரு இந்தியப் பிரதமர் குவைத் மண்ணில் கால் வைக்க 2024 டிசம்பர் வரை, 43 வருடம் ஆயிற்று.

போருக்குப் பின் ஐ.நா. ஜெனீவாவில் இழப்பீட்டு ஆணையம் ஒன்றை அமைத்தது. ஈராக்கின் எண்ணெய் வருமானத்தில் ஒரு பங்கு அதற்கு. 1990 ஆகஸ்ட் 2க்கும் 1991 மார்ச் 2க்கும் இடையில் குவைத்தையோ ஈராக்கையோ விட்டு வெளியேற வேண்டி வந்த தனிநபருக்கு நிர்ணயத் தொகை 2,500 டாலர். வேறு எந்த வகையிலும் கேட்க மாட்டேன் என்று எழுதிக் கொடுத்தால் 4,000. வெளியுறவு அமைச்சகத்தில் இதற்கென்றே ஒரு குவைத் பிரிவு இருந்தது. அந்தப் படிவங்களை நிரப்பிக் கொடுக்கும் வேலையை அப்போது சித்தூரில் நான் கொஞ்சம் செய்தேன். பஸ் நிலையத்தை ஒட்டிய ஜெராக்ஸ் கடை ஒன்றில் மாலையில் உட்காருவோம். பீலேர் பக்கத்திலிருந்து வந்த ஒரு அம்மாவிடம், "குவைத்தில் இருந்ததுக்கு அத்தாட்சி என்னம்மா இருக்கு, பாஸ்போர்ட் நகல்?" என்று கேட்டேன்.

"பாஸ்போர்ட் வீட்டுக்காரம்மா பீரோவுல இருக்கு சார்."

ஆகஸ்ட் வெயிலுக்குப் பயந்து அந்தக் குடும்பம் முன்பே வெளிநாடு போயிருந்தது, திரும்பி வரவில்லை. பீரோ பூட்டியிருந்தது. சாவி அவர்களிடம். ஈராக் சிப்பாய்கள் வீட்டுக்குள் வந்து பீரோவை உடைத்து நகையைத் தேடியபோது பாஸ்போர்ட்டும் எங்கோ போயிருக்கும் என்றார். அவர் கையில் இருந்தது தூதரகம் கொடுத்த அவசரப் பயணத்தாள் ஒன்று, மடித்து மடித்து நான்காகக் கிழிந்து, செல்லோடேப் ஒட்டியது. பம்பாயிலிருந்து மெட்ராஸ் மெயிலில் ரேணிகுண்டாவில் இறங்கும் வரை அதை இடுப்பில் சொருகியே வைத்திருந்தாராம். "சம்பள பாக்கி எத்தனை மாசம்?" என்றேன். வருடக் கணக்கில் சொன்னார். ஈராக் வருவதற்கு முன்பிருந்தே பாக்கி. அதைக் கேட்க அந்தப் படிவத்தில் கட்டம் இல்லை. அது சதாம் செய்த குற்றம் அல்லவே.

அன்றிலிருந்து இந்த விஷயத்தை நான் பார்க்கும் விதம் மாறியது. ஆகஸ்ட் 2க்கு முன்னால் அந்த அம்மாவின் நிலை என்ன? அடையாளத்தாள் இன்னொருவர் பூட்டிய பீரோவில். சம்பளம் அவர் கையில். அவர் விட்டால்தான் நாட்டைவிட்டு வெளியே போக முடியும். இதையே ஒரு அரசு ஒரு தூதருக்குச் செய்தால் ஐ.நா. கூடும், சர்வதேச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லும். ஒரு குடும்பம் ஒரு வேலைக்காரிக்குச் செய்தால் அது 'தொழிலாளர் பிரச்சினை'. ஒரு தூதர் மாட்டினால் அரசு இறுகும் என்றேன்; ஒரு வீட்டு வேலைக்காரி மாட்டினால் அரசு இறுகவும் செய்யாது, வளையவும் செய்யாது. கோப்பில் ஒரு எண் கொடுக்கும். அந்த அம்மாவுக்கு டெல்லி வளைந்தது, அவரைப் போல் இன்னும் லட்சத்துக்கு மேல் பேர் ஒரே நாளில் ஒரே இடத்தில் மாட்டினார்கள் என்பதால்தான்.

1990க்குப் பிறகு மேற்கு ஆசியாவில் எங்கே துப்பாக்கி வெடித்தாலும் டெல்லி கேட்கும் முதல் கேள்வி, நம் ஆட்கள் எத்தனை பேர் என்பதுதான். 2003இல் ஈராக்குக்குப் படை அனுப்பச் சொல்லி அமெரிக்கா கேட்டது. வாஜ்பாய் அரசு மறுத்தது. அதன் பல காரணங்களில் வளைகுடாவில் இருக்கும் நம்மவரும் ஒன்று என்றே நினைக்கிறேன். அடுத்த வருடம் குவைத் கம்பெனி ஒன்றுக்கு லாரி ஓட்டிய மூன்று இந்தியர்களை ஈராக்கில் பிடித்துவைத்து விடுவித்தார்கள்; அந்த வருடம் ஈராக்குக்கு வேலைக்குப் போகவே அரசு தடை போட்டது. தடைக்குக் கிடைத்த பலன், ஏஜெண்டுகள் வேறு வழியாக அனுப்பியது. 2014இல் திக்ரித்தில் சிக்கிய 46 நர்ஸுகள் பத்திரமாகக் கொச்சி வந்தார்கள். அதே வருடம் மோசூலில் பிடிபட்ட 39 தொழிலாளர்கள் கொல்லப்பட்டதை உறுதிசெய்து நாடாளுமன்றத்தில் சொல்ல 2018 ஆயிற்று. 2015இல் ஏமனிலிருந்து 4,600க்கும் மேற்பட்ட இந்தியர்களையும், அவர்களோடு வேற்று நாட்டவர் பலரையும் கூட்டிவந்தார்கள். மீட்புக்கு டெல்லி நன்றாகவே பழகிவிட்டது. பீரோவுக்கு இன்னும் பழகவில்லை.

அங்கேயும் கொஞ்சம் நகர்ந்திருக்கிறது. குவைத் 2015இல் வீட்டுவேலைத் தொழிலாளர் சட்டம் கொண்டுவந்தது. பாஸ்போர்ட்டை வேலைக்கு வைத்தவர் வைத்துக்கொள்ளக்கூடாது என்று அதில் இருக்கிறது. 2021இல் வீட்டு வேலையாட்களைப் பற்றி இரு அரசுகளும் ஒப்பந்தம் போட்டன. ஈ.சி.ஆர். பாஸ்போர்ட்டில் வீட்டு வேலைக்குப் போகும் பெண்ணுக்கு முப்பது வயது ஆகியிருக்க வேண்டும் என்று இந்தியா வைத்திருக்கும் விதி அவர்களைக் காப்பதற்காக வந்தது. வயதைக் கூட்டிப் போடும் ஏஜெண்டுக்கு அது இன்னொரு வருமானம். குவைத்தில் நம் தூதரகம் ஓடிவந்த பெண்களுக்குத் தங்குமிடம் நடத்துகிறது. அது இருப்பது நல்லது. அது நிரம்புவதும் காலியாவதும் வெளியுறவு அமைச்சரின் பாராளுமன்ற உரையில் இடம்பெறுவதில்லை.

நான் சொன்ன 1,70,000 உத்தேசக் கணக்கு என்பதை மறந்துவிட வேண்டாம். 1990இல் யாரிடமும் முழுப் பட்டியல் இல்லை. யார் எந்த வீட்டில், எந்தத் தெருவில் என்பது ஊரில் இருந்த மனைவிக்கும் தாய்க்கும் வந்த கடித உறையில்தான் இருந்தது. இன்றும் திருப்பதி, சித்தூர், அன்னமய்யா மாவட்டங்களில் ஒரு கிராமத்தை எடுத்துக்கொண்டு, இங்கிருந்து குவைத்துக்கு எத்தனை பேர் போயிருக்கிறார்கள், அவர்கள் பாஸ்போர்ட் யாரிடம் இருக்கிறது என்று கேட்டால் பதில் சொல்ல அலுவலகம் எதுவும் இல்லை. கிராமச் செயலகத்தில் ரேஷன் அட்டைக்கும் பென்ஷனுக்கும் வீடு வீடாகப் பெயர் எடுக்கிறார்கள். அதே தாளில் இன்னும் இரண்டு கட்டம் சேர்க்கலாம்: வெளிநாட்டில் இருப்பவர் பெயர், வேலைக்கு வைத்தவர் முகவரி. அந்தப் பட்டியல் கலெக்டர் வழியாக தூதரகத்துக்கு வருடத்துக்கு ஒரு முறை போகட்டும். இதற்கு வெளியுறவு அமைச்சர் வர வேண்டாம், தீர்மானம் வேண்டாம். மாவட்ட நிர்வாகம் நினைத்தால் போதும். இந்த அவையில் வருவாய்த் துறையினர் சிலரைப் பார்க்கிறேன். கேள்வி நேரத்தில் அவர்களிடமிருந்தே தொடங்கலாம்.